ஊசியை எப்போது நிறுத்துவது?

கேள்வி: இது எனக்குத் தலைப்பிரசவம். ஆறாம் மாதம் இடது கால் வீங்கியது. ஸ்கேனில் ரத்தக்கட்டி என்றார்கள். அன்று முதல் இரு வேளையும் வயிற்றில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் எனாக்ஸபாரின் ஊசி போட்டுக்கொள்கிறேன். இப்போது எட்டாம் மாதம். ‘ரத்தம் தண்ணீராகிவிட்டால் பிரசவத்தில் நிற்காது, ஒன்பது பிறந்ததும் ஊசியை விட்டுவிடு’ என்கிறார் மாமியார். விடலாமா?

— வாசகி, கோவில்பட்டி

பதில்: விடக்கூடாது. மாமியாரின் பயம் வீண்பயம் அல்ல, கணக்குத்தான் தப்பு. இந்த ஊசியை நிறுத்துவது மாதக்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில்.

ரத்தம் தண்ணீராவதில்லை, உறைவது தாமதமாகிறது, அவ்வளவே. நஞ்சுக்கொடி விழுந்ததும் ரத்தத்தை நிறுத்துவதில் முதல் வேலை கருப்பைத் தசையுடையது. அது கல்லாக இறுகி, தன் ஊடே ஓடும் குழாய்களை நெரித்துவிடும். அதற்குத்தான் குழந்தை பிறந்ததும் ஆக்சிடோசின் தருகிறோம். ஊசியால் எனக்குக் கவலை தையல் போட்ட இடமும் சிசேரியன் காயமும்தான். அங்கே ரத்தம் உறைந்துதான் நிற்க வேண்டும்.

உங்களுக்குப் போடுவது சிகிச்சை அளவு, அதாவது கட்டி வராமல் தடுக்கப் போடும் சிறிய அளவு அல்ல, வந்த கட்டிக்கான முழு அளவு. நாள் குறித்துச் செய்யும் பிரசவம் என்றால் 24 மணி நேரத்துக்கு முன்பே கடைசி ஊசி. முதுகில் மயக்க ஊசி போடவும் அந்த இடைவெளி வேண்டும். வலி தானாக எடுத்தாலோ பனிக்குடம் உடைந்தாலோ அடுத்த ஊசியைப் போடாமல் கிளம்பிவிடுங்கள். ஒவ்வொரு ஊசியின் நேரத்தையும் காலண்டரில் குறித்து வையுங்கள், வாசலிலேயே கேட்பார்கள்.

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போவீர்கள் அல்லவா? ‘பக்கத்துத் தெரு நர்சிங் ஹோமே போதும்’ என்பார்கள். போதாது. ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.

நான் அதிகம் பயப்படுவது பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்களுக்கு. ரத்தக்கட்டி உருவாகும் வாய்ப்பு அப்போதுதான் கூடுதல். என்னிடம் வந்த ஒரு பெண், ‘குழந்தைதான் பிறந்துவிட்டதே’ என்று ஊசியைத் தானாகவே விட்டார். பத்தாம் நாள், கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்து, மூச்சுத்திணறலோடு தூக்கி வந்தார்கள். பிழைத்துவிட்டார், அந்த இரவை நான் மறக்கவில்லை. ரத்தப்போக்கு அடங்கியதைப் பார்த்து உங்கள் மருத்துவர் மறுபடி தொடங்குவார். ஊசியானாலும், உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையானாலும் தாய்ப்பால் தரத் தடையில்லை. ஆனால் ஒரு மணி நேரத்திலேயே ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு மாமியாரையும் அழைத்துப் போங்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவராக இருக்கிறார்.