கார்டு வட்டி ஏறிடுச்சு, லிமிட் பாதியாயிடுச்சு, இப்ப என்ன பண்றது?

திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கிற வாசகி ஒருத்தர் எழுதியிருக்காங்க. சுருக்கமா அவங்க கேள்வி இதுதான்: "என் கிரெடிட் கார்டுல 80,000 ரூபா பாக்கி இருக்கு. அப்பாவோட ஆபரேஷனுக்கு தேய்ச்சது, அப்புறம் ஒரு ஃபிரிட்ஜ். ஏழு மாசமா மினிமம் டியூ மட்டும் தவறாம கட்டிட்டு வர்றேன், ஒரு நாள் கூட லேட் பண்ணல. போன வாரம் பேங்க்ல இருந்து மெயில், அடுத்த மாசத்துல இருந்து வட்டி மாசத்துக்கு 3.5ல இருந்து 3.75 பர்சன்ட்டாம். மூணு நாள் கழிச்சு ஒரு எஸ்எம்எஸ், லிமிட் 2 லட்சத்துல இருந்து 1 லட்சமாயிடுச்சுன்னு. என்னைக் கேக்காம இப்படி பண்ணலாமா? 30 பர்சன்ட்டுக்கு மேல வட்டி வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குன்னு ஆபீஸ்ல ஒரு அண்ணா சொல்றார். இன்னொருத்தர் 2.5 பர்சன்ட் கமிஷனுக்கு கார்டை ரொட்டேட் பண்ணித் தர்றேங்கிறார், அதாவது அவர் காசுல பாக்கியைக் கட்டிட்டு, அதே தொகையை என் கார்டைத் தேய்ச்சு எடுத்துக்குவாராம். பேசாம கார்டை க்ளோஸ் பண்ணிடலாமான்னு தோணுது. இன்னொரு கார்டு இருக்கு, 60,000 லிமிட், மாசம் ஒரு 5,000 செலவு பண்ணி முழுசா கட்டிடுவேன். சம்பளம் 7ஆம் தேதி, கார்டு டியூ டேட் 25. மாசம் 10,000 வரைக்கும் ஒதுக்க முடியும்."

உங்க கோபமெல்லாம் அந்த கால் பர்சன்ட் மேல இருக்கு. கணக்கு போட்டுப் பாருங்க. 80,000க்கு 3.5 பர்சன்ட்னா மாச வட்டி 2,800, அதுக்கு மேல 18 பர்சன்ட் ஜிஎஸ்டி 504, மொத்தம் 3,304. புது ரேட்ல வட்டி 3,000, ஜிஎஸ்டி 540, மொத்தம் 3,540. வித்தியாசம் 236 ரூபா. அதுவும் காசுதான், ஆனா உங்க வீட்டுக்கு வினை அந்த 236 இல்ல, ஏழு மாசமா சத்தமில்லாம போயிட்டிருக்கிற 3,304தான். மினிமம் டியூன்னு நீங்க கட்டுறது ஒரு நாலாயிரம் சொச்சம் இருக்கும், அதுல வட்டியும் வரியும் போக அசல்ல குறையுறது அறுநூறு எழுநூறு. ஏழு மாசத்துல 28,000க்கு மேல கட்டியிருப்பீங்க, அசலுக்குப் போனது ஐயாயிரம் தேறினா அதிகம். பேங்க் மெயில் அனுப்பினதால இப்ப திரும்பிப் பாக்குறீங்க, அந்த வகையில அந்த மெயிலுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

சரி, பண்ணலாமான்னு கேட்டீங்க. பண்ணலாம். ரிசர்வ் பேங்க் கார்டுகளுக்குன்னு தனியா விதிமுறை போட்டிருக்கு. அதுப்படி லிமிட்டை ஏத்தணும்னாதான் உங்க சம்மதம் வேணும், குறைச்சா உங்களுக்குத் தெரிவிச்சா போதும். சார்ஜ் மாத்தினா குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடியே சொல்லணும், பழைய தேதிக்குப் போய் வசூல் பண்ணக் கூடாது. அது பிடிக்காம நீங்க கார்டை சரண்டர் பண்ணா, பாக்கியைக் கட்டினதும் க்ளோஸ் பண்ணித் தரணும், அதுக்குன்னு தனியா காசு கேக்கக் கூடாது. ஏழு வேலை நாளுக்குள்ள க்ளோஸ் பண்ணலைன்னா தாமதமாகுற ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபா அவங்க உங்களுக்குத் தரணும், இது நிறைய பேருக்கு தெரியாது. அதனால மெயில் வந்த தேதியையும் புது ரேட் அமலுக்கு வர்ற தேதியையும் முதல்ல பாருங்க, நடுவுல ஒரு மாசம் இல்லைன்னா அது புகாருக்கு நல்ல பாயிண்ட்.

அந்த அண்ணா சொன்னது முழுக்க பொய் இல்ல, ஆனா பழைய கதை. 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் வருஷத்துக்கு 30 பர்சன்ட்டுக்கு மேல கார்டு வட்டி வாங்குறது நியாயமில்லாத வியாபாரம்னு சொல்லுச்சு. பேங்க்குகள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாங்க, 2024 டிசம்பர் 20ஆம் தேதி அந்த உத்தரவை சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு. இப்ப உச்சவரம்புன்னு ஒரு நம்பர் கிடையாது, மாசம் 3.75னா வருஷத்துக்கு 45. ரெப்போ ரேட், அதாவது ரிசர்வ் பேங்க் பேங்க்குகளுக்குக் கடன் குடுக்கிற வட்டி, குறைஞ்சா வீட்டுக்கடன் வட்டி இறங்குதே, கார்டுக்கு மட்டும் ஏன் ஏறுதுன்னு அடுத்து கேப்பீங்க. புதுசா ஃப்ளோட்டிங் ரேட்ல, அதாவது ஏறி இறங்குற வட்டியில, குடுக்கிற வீட்டுக்கடனை ரெப்போ மாதிரி வெளி ரேட்டோட கட்டிப்போடணும்னு 2019 அக்டோபர்ல இருந்தே விதி இருக்கு, கார்டை யாரும் அப்படி கட்டிப்போடல.

லிமிட்டை ஏன் வெட்டினாங்க? 2023 நவம்பர்ல ரிசர்வ் பேங்க் கார்டு கடனுக்கான ரிஸ்க் வெயிட்டை பேங்க்குகளுக்கு 125ல இருந்து 150 பர்சன்ட்டா ஏத்துச்சு. அதாவது அடமானம் இல்லாத இந்த மாதிரி கடனுக்கு பேங்க் தன் சொந்த மூலதனத்தை இன்னும் கூடுதலா ஒதுக்கி வைக்கணும். அப்ப இருந்தே யார் கையில பெரிய லிமிட் இருக்கு, யார் தடுமாறுறாங்கன்னு சலிச்சு எடுக்க ஆரம்பிச்சாங்க. 2025 ஜனவரியில இருந்து பேங்க்குகள் உங்க விவரத்தை, கடன் வரலாற்றை வெச்சு ஸ்கோர் போடுற சிபில் மாதிரி கம்பெனிகளுக்கு 15 நாளைக்கு ஒரு தடவையாவது அனுப்பணும், அதனால எல்லாருக்கும் எல்லாம் சீக்கிரமே தெரிஞ்சிடுது. நீங்க ஒரு நாள் கூட லேட் பண்ணலைன்னு பெருமையா எழுதியிருக்கீங்க, நியாயம்தான், ஆனா பேங்க் பார்வையில தொடர்ந்து மினிமம் டியூ மட்டும் கட்டுறவர்னா மூச்சு வாங்குறவர்னு அர்த்தம். எனக்கே ஒரு தடவை லிமிட்டை பாதியாக்கினாங்க, போன் பண்ணிக் கேட்டா "இன்டர்னல் பாலிசி சார்" தவிர வேற வார்த்தை வரல, நாலு தடவை கேட்டேன், நாலு தடவையும் அதேதான்.

இந்த லிமிட் வெட்டுதான் எனக்கு வட்டி ஏத்தினதை விட பெரிய விஷயமா படுது. நேத்து வரைக்கும் 2 லட்சத்துல 80,000, அதாவது 40 பர்சன்ட் பயன்படுத்தியிருந்தீங்க. இன்னைக்கு ஒரு ரூபா கூட செலவு பண்ணாமலே அது 80 பர்சன்ட். ரெண்டு கார்டையும் சேர்த்துப் பாத்தா 33ல இருந்து 53. 30க்குள்ள இருந்தா நல்லதுன்னு பொதுவா சொல்லுவாங்க, சட்டமெல்லாம் இல்ல, ஆனா அது எகிறினா சிபில் ஸ்கோர் இறங்கும், அதைப் பாத்து இன்னொரு பேங்க்கும் உஷாராகும். இதனாலதான் கோபத்துல எந்த கார்டையும் இப்ப க்ளோஸ் பண்ண வேண்டாங்கிறேன், முக்கியமா அந்த 60,000 கார்டை. அதை மூடினா மொத்த லிமிட் இன்னும் சுருங்கும். பெரிய கார்டுல பாக்கியை முடிச்சு ஆறு மாசம் சும்மா வெச்சிருங்க, ஆண்டுக் கட்டணம் இருந்தா அப்ப பேசி முடிவு பண்ணிக்கலாம்.

இப்ப பாக்கியை எப்படி முடிக்கிறதுன்னு பாப்போம். மாசம் 10,000 கட்ட முடியும்னு சொன்னதை வெச்சே மூணு வழிக்கும் கணக்கு போட்டேன். கார்டுலயே விட்டுட்டு 10,000 கட்டிட்டே வந்தா பத்து பதினோரு மாசத்துல முடியும், ஆனா வட்டியும் வரியுமா 20,000 பக்கம் போயிடும். பேங்க்ல பேசி 80,000ஐ 16 பர்சன்ட்ல 12 மாச இஎம்ஐயா மாத்தினா மாசம் 7,260 வரும், வட்டி 7,100, அதுக்கு ஜிஎஸ்டி 1,280, ஆக 8,400 பக்கம், அதோட பிராசஸிங் ஃபீஸ். மூணாவது, வீட்ல நகை இருந்தா பேங்க்லயோ கூட்டுறவு சொசைட்டியிலயோ நகைக்கடன். வருஷத்துக்கு 10 பர்சன்ட்னு வெச்சுக்குங்க, முதல் மாச வட்டி 667தான், வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே 10,000ஐ மாசா மாசம் கட்டிட்டு வந்தா ஒன்பது மாசத்துல நகை வீட்டுக்கு வந்துடும், மொத்த வட்டி 3,100 பக்கம்தான். இந்த மாதிரி நடுவுல பார்ட் பேமெண்ட் வாங்குவாங்களான்னு மட்டும் வைக்கிறதுக்கு முன்னாடி கேட்டுக்குங்க.

நகையை அடகு வைக்கிறது நம்ம ஊர்ல மானப் பிரச்சினை, அம்மா கிட்ட கேக்கவே சங்கடமா இருக்கும், புரியுது. ஆனா கார்டுல மாசம் 3,540 போறது யாருக்கும் தெரியலைங்கிறதால அது கௌரவம் ஆயிடாதுங்க. ரெண்டு பவுன் செயின் ஒண்ணே போதும். ஒரே கண்டிஷன், கார்டு காலியானதும் மறுபடி அதைத் தேய்க்கக் கூடாது. இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழுறாங்க, நகை பேங்க்ல இருக்கும், கார்டு பாக்கியும் பழையபடி வந்து நிக்கும்.

நகை வேண்டாம்னா இஎம்ஐதான். கஸ்டமர் கேர்ல "வட்டி ஏத்திட்டீங்க, கார்டை க்ளோஸ் பண்ணப் போறேன்"னு ஆரம்பிங்க, பெரும்பாலும் வேற டீமுக்கு மாத்துவாங்க, அங்க ரேட் கொஞ்சம் இறங்கும். மாச ரேட், ஃப்ளாட் ரேட்னு எதைச் சொன்னாலும் மயங்காம, "மொத்தம் நான் எவ்வளவு கட்டுவேன், பிராசஸிங் ஃபீஸ், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து"ன்னு ஒரே நம்பரா கேளுங்க. முன்னாடியே முடிச்சா என்ன சார்ஜ்னும் கேளுங்க. செட்டில்மென்ட்னு, அதாவது பாக்கியில ஒரு பகுதியை மட்டும் வாங்கிட்டு கணக்கை முடிச்சுக்கிறோம்னு, யாராவது பேச்செடுத்தா அந்தப் பக்கமே போகாதீங்க, நீங்க கட்ட முடியாத நிலைமையில இல்ல, ரிப்போர்ட்ல "செட்டில்ட்"னு விழுந்தா வருஷக்கணக்குல கூடவே வரும்.

எந்த வழின்னாலும் இது ஏற்பாடாகிற வரைக்கும் ரெண்டு விஷயம் உடனே பண்ணுங்க. ஒண்ணு, அந்த கார்டுல பெட்ரோல், மளிகைன்னு எதுவும் தேய்க்காதீங்க. பழைய பாக்கி நிக்கிற வரைக்கும் அந்த 45, 50 நாள் வட்டியில்லா காலம் உங்களுக்குக் கிடையாது, இன்னைக்கு வாங்குற தக்காளிக்கு இன்னைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். செலவை முழுசா கட்டுற அந்த சின்ன கார்டுக்கோ யுபிஐக்கோ மாத்திக்குங்க. ரெண்டு, 25ஆம் தேதி வரைக்கும் காத்திருக்காம சம்பளம் வந்த 7ஆம் தேதியே கட்டிடுங்க. கார்டு வட்டி தினசரி பாக்கிக்கு ஓடுறது, 10,000ஐ 18 நாள் முன்னாடி கட்டினா ஜிஎஸ்டியோட 260 ரூபா மிச்சம். பேங்க் உங்க கிட்ட ஏத்தின 236ஐ விட இது அதிகம், பாத்துக்குங்க.

ரொட்டேஷன் பத்தி. 80,000க்கு 2.5 பர்சன்ட்னா 2,000, வட்டி 3,540ஐ விட கம்மிதானேன்னு தோணும், அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனா அசல்ல ஒரு பைசா குறையாது, மாசா மாசம் 2,000. வாங்காத பொருளுக்கு மெஷின்ல தேய்ச்சுக் காசாக்குறது கார்டு ஒப்பந்தத்துக்கே விரோதம், ஒரே கடையில முழுத் தொகையா திரும்பத் திரும்ப விழுந்தா பேங்க் கண்ணுல படாம இருக்காது. அதை விட மோசம், அவர் கைக்காசுல 80,000 கட்டின மறுநாள் பேங்க் லிமிட்டை இன்னும் 30,000க்கு இறக்கிடுச்சுன்னு வைங்க. அவரால தேய்ச்சு எடுக்க முடியாது. அப்புறம் உங்க வீட்டு வாசல்ல நிக்கப் போறது பேங்க் ஆள் இல்ல, அவர்தான். லிமிட் வெட்டு ஆரம்பிச்ச கார்டுல இது சும்மா சொல்ற பயம் இல்ல.

லிமிட்டைத் திரும்பக் கேக்கலாமான்னா, கேக்கலாம், ஆனா இப்ப இல்ல. பாக்கி 30,000க்குக் கீழ வந்ததும் கடைசி மூணு மாச சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16 வெச்சு கேளுங்க. இப்பவே ஒரு மெயில் மட்டும் போடுங்க: எந்த காரணத்துக்காக குறைச்சீங்க, சிபில் ரிப்போர்ட் காரணம்னா எந்த என்ட்ரின்னு. பதில் சுமாராத்தான் வரும், ஆனா எழுத்துல இருக்கும். கூடவே சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலுலயும் வருஷத்துக்கு ஒரு ரிப்போர்ட் ஃப்ரீ, எடுத்துப் பாருங்க, நீங்க வாங்காத லோன் ஏதாவது உங்க பேர்ல நிக்குதான்னு. நோட்டீஸ் இல்லாம சார்ஜ் ஏத்தினாங்க, க்ளோஸ் பண்ண மறுக்குறாங்க மாதிரி விஷயத்துக்கு பேங்க்கோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லைன்னா, இல்ல வந்த பதில் சரியில்லைன்னா, பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஆம்புட்ஸ்மேன் கிட்ட இலவசமா போகலாம், சந்தேகம் கேக்க 14448. லிமிட்டைக் குறைச்சாங்கங்கிறதுக்காக மட்டும் அங்க போனா வேலைக்காகாது, அது பேங்க் இஷ்டம்.

கடைசியா ஒண்ணு, இது இன்னைக்கு ராத்திரியே பாக்க வேண்டியது. அந்த கார்டுல ஆட்டோ டெபிட் என்னென்ன போட்டிருக்கீங்கன்னு ஆப்ல பாருங்க. லிமிட்ல 20,000தான் மிச்சம், அப்பாவோட ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியம் இதுல இருந்து போறதா இருந்தா ஒரு மாசம் டிக்ளைன் ஆயிடும், பாலிசி லேப்ஸ் ஆனது ஆஸ்பத்திரி கவுன்டர்லதான் தெரியவரும். அதை சேவிங்ஸ் அக்கவுன்ட்டுக்கு மாத்திட்டு, அதே ஆப்ல ஓவர்லிமிட் (லிமிட்டைத் தாண்டியும் செலவு பண்ண விடுற வசதி) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணிடுங்க.