வெளியுறவுக் கொள்கையை முடிவு செய்வது அடையாளமா, தலைவரா, பலமா? சிங்கப்பூரில் இருந்து ஒரு பதில்

ஒரு நாடு மற்ற நாடுகளோடு எப்படி நடந்துகொள்கிறது என்பதை முடிவு செய்வது அதன் அடையாளமா, அதை ஆளும் தலைவரா, கையில் இருக்கும் பலமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு வழக்கமாக அமெரிக்காவையோ சீனாவையோ எடுத்துக்கொண்டு பேசுவார்கள். நான் 22 ஆண்டுகளாக வாழ்கிற சிங்கப்பூரை எடுத்துக்கொள்கிறேன். பெரிய நாடு ஒரு தப்பு செய்தாலும் தாங்கிக்கொள்ளும். சின்ன நாடு ஒவ்வொரு அடியையும் யோசித்துத்தான் வைக்கும். அதனால் எந்த முடிவுக்குப் பின்னால் எது இருந்தது என்பது இங்கே ஓரளவு தெளிவாகவே தெரிகிறது.

என் மகன் 2006இல் பிறந்தவன். நிரந்தரவாசிகளின் மகன்களும் இங்கே தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியைச் செய்தாக வேண்டும். போன வருடம் அவன் சேர்ந்த அன்று, சாங்கியில் இருந்து படகில் பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவு வரை நாங்களும் கூடப் போனோம். பெற்றோரை அன்று உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் படுக்கப்போகும் கட்டிலைக் காட்டுவார்கள், அவர்கள் சாப்பிடும் கூடத்திலேயே நமக்கும் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது கடலின் அந்தப் பக்கத்தை. மலேசியாவின் ஜொகூர் கரை அவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது. அது வேறு நாடு.

திடலில் ஓர் அணி நடை பழகிக்கொண்டிருந்தது. "செடியா!" என்று ஒரு குரல் எழுந்ததும் அத்தனை பேரும் விறைத்து நின்றார்கள். "செனாங் டிரி!" என்றதும் கால்களை அகட்டி நின்றார்கள். மனைவி என் காதில் கேட்டாள்: "ஏங்க, முக்கால்வாசி சீனப் பசங்க. ஆர்டர் மட்டும் ஏன் மலாயில போடுறாங்க?" நான் வாய் திறப்பதற்குள் மகன் சொல்லிவிட்டான்: "நம்ம தேசிய மொழியே மலாய்தானேம்மா. தேசிய கீதமும் மலாய்தான்."

உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தத் திடலிலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூர் மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சீன வம்சாவளியினர். ஆனால் வடக்கே மலேசியா, தெற்கே இந்தோனேசியா, இரண்டிலும் மலாய் இன முஸ்லிம்களும் அவர்களோடு மொழியாலும் மதத்தாலும் நெருங்கியவர்களுமே பெரும்பான்மை. 1964இல் இங்கே இரண்டு முறை மலாய்-சீனக் கலவரம் வெடித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி மலேசியக் கூட்டமைப்பில் இருந்து சிங்கப்பூர் பிரிந்தது. கேட்டு வாங்கிய சுதந்திரம் இல்லை, வெளியே அனுப்பப்பட்ட வீட்டுப்பிள்ளையின் நிலைமை. 20 லட்சத்துக்கும் குறைவான மக்கள், சொந்தமாகப் போதிய தண்ணீர்கூடக் கிடையாது.

இங்கேதான் அடையாளம் என்ற சொல்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும். நாம் நம்மை யாரென்று நினைக்கிறோம் என்பதைத்தான் அடையாளம் என்போம். ஆனால் வெளியுறவில் அதைவிடக் கனமானது, பக்கத்து வீட்டுக்காரர் நம்மை யாரென்று நினைக்கிறார் என்பது. அன்றைக்குச் சிங்கப்பூரை 'மூன்றாவது சீனா' என்று சந்தேகத்தோடு பார்த்தவர்கள் இருந்தார்கள். கம்யூனிஸ்ட் சீனா ஒன்று, தைவான் இன்னொன்று, இது மூன்றாவது என்று. அந்தப் பார்வையை மாற்றுவதே இந்த நாட்டின் முதல் வெளியுறவு வேலையாக இருந்தது. மலாய் தேசிய மொழியானது, முதல் அதிபராக யூசுப் இஷாக் அமர்ந்தது, தமிழும் சேர்ந்து நான்கு ஆட்சிமொழிகள் இருப்பது எல்லாம் உள்நாட்டு ஏற்பாடுகள்தான். ஆனால் அவை வெளியே பார்த்துப் பேசவும் செய்தன. மொழிச் சண்டை ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதற்கு முதல் பிரதமர் லீ குவான் இயூ அடிக்கடி இலங்கையைக் காட்டிப் பேசியது நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்தவர், மலாயாவில் வளர்ந்தவர், பத்திரிகையாளர். 1966இல் தேசிய உறுதிமொழியை எழுதியவரும் அவர்தான். 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கி வைத்துக் கையெழுத்திட்ட ஐந்து பேரில் ஒருவர். அவருக்குப் பிறகு தனபாலன், ஜெயக்குமார், சண்முகம், இப்போது விவியன் பாலகிருஷ்ணன். இதுவரை வந்த ஏழு வெளியுறவு அமைச்சர்களில் ஐந்து பேருக்குத் தமிழ் வேர் உண்டு. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. திறமை ஒரு பக்கம் இருக்கட்டும், ஐநா மேடையில் ஒரு தமிழர் எழுந்து சிங்கப்பூர் சார்பாகப் பேசும்போது, இது சீனர்களின் நாடு அல்ல என்பது சொல்லாமலே புரிந்துவிடுகிறது. இது என் கணிப்புதான்.

சீனாவோடு எப்படி நடந்துகொண்டார்கள் என்று பாருங்கள். 1976 மே மாதம் லீ முதல் முறையாகப் பெய்ஜிங் போனார். சந்திப்புகளில் ஆங்கிலத்திலேயே பேசினார். சீனர்கள் இரண்டு பேர் தனியாகப் பேசிக்கொண்டார்கள் என்று ஜகார்த்தாவில் யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. அந்தப் பயணத்தில் பிரதமர் ஹுவா குவோஃபெங் அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்தார். 1962 இந்தியப் போரைச் சீனாவுக்குச் சாதகமாகச் சொல்லும் புத்தகம். லீ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது உங்கள் தரப்பு, இன்னொரு தரப்பும் இருக்கிறது, நான் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தவன், இதில் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்ற பொருளில் சொன்னாராம். சீனாவோடு முறையான தூதரக உறவு வைத்துக்கொள்வதற்கும் சிங்கப்பூர் அவசரப்படவில்லை. முதலில் இந்தோனேசியா வைத்துக்கொள்ளட்டும் என்று காத்திருந்தது. இந்தோனேசியா 1990 ஆகஸ்டில் உறவைப் புதுப்பித்தது. அதன் பிறகு அக்டோபர் 3ஆம் தேதி சிங்கப்பூர் கையெழுத்திட்டது.

சரி, இது முழுக்க அடையாளத்தின் கதை என்று சொல்லிவிடலாமா? முடியாது. அதே அடையாளத்தை வைத்து வேறொரு தலைவர் நேர் எதிராகவும் நடந்திருக்கலாம். பெரும்பான்மையின் பெருமிதத்தைக் கிளறி ஓட்டு வாங்கியிருக்கலாம். அது எவ்வளவு சுலபம் என்று தெற்காசியாவில் பிறந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைமை என்றால் என்ன என்று எனக்குப் புரியவைத்தது ஒரு தூக்குத் தண்டனையும் ஒரு கூடை மலரும்தான். 1963இல் சுகார்னோவின் இந்தோனேசியா, மலேசியா உருவாவதை எதிர்த்து 'கொன்ஃப்ரொன்தாசி' என்ற மோதலைத் தொடங்கியது. 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் ரோடு மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தார்கள், 33 பேர் காயமடைந்தார்கள். செங்கல் நிறத்தில் இன்றும் நிற்கிறது அந்தக் கட்டடம், டோபி காட் ரயில் நிலையத்தில் இருந்து நடக்கிற தூரம்தான். குண்டு வைத்த உஸ்மான், ஹாருன் என்ற இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் பிடிபட்டார்கள், தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. அதற்குள் சுகார்னோ போய் சுகார்த்தோ வந்துவிட்டார், மோதலும் முடிந்துவிட்டது. உயிரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று சுகார்த்தோவே கேட்டார்.

அது 1968. அந்த ஜனவரியில்தான் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்திருந்தது. தேசிய சேவை தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. எதிரே பத்து கோடிக்கு மேல் மக்கள் கொண்ட நாடு. பலத்தை மட்டும் எடைபோட்டிருந்தால் கைதிகளை விமானம் ஏற்றி அனுப்பியிருப்பார்கள். அக்டோபர் 17 அன்று தூக்கிலிட்டார்கள். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கும்பல் சூறையாடியது. பெரிய நாடு கேட்டதற்காக நம் நீதிமன்றத் தீர்ப்பை ஒருமுறை மாற்றினால், அடுத்த முறையும் கேட்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். மரண தண்டனை எனக்கு ஏற்புடையது இல்லை. ஆனாலும் அந்த முடிவின் கனம் புரிகிறது.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1973 மே மாதம், லீ ஜகார்த்தா போனார். கலிபாத்தா மாவீரர் கல்லறைக்குச் சென்று அதே இரண்டு பேரின் சமாதிகளில் மலர் தூவினார். இறந்தவர்களின் ஆன்மா பற்றி ஜாவா மக்களுக்கு உள்ள நம்பிக்கையை அறிந்த தூதர் லீ கூன் சோய் சொன்ன யோசனை அது. தன் நகரத்தில் குண்டு வைத்தவர்களின் சமாதி முன்னால் நின்று பூப்போடுவதற்கு எவ்வளவு மனம் வேண்டும்! சுகார்த்தோவுக்கும் லீக்கும் இடையே அப்புறம் உண்டான நெருக்கம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆசியான் நிலைத்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் எந்தத் தலைவரும் அடையாளத்தை ஒரேயடியாகக் கழுவிவிட முடியாது. 2014இல் இந்தோனேசியா தன் புதுப் போர்க்கப்பலுக்கு 'உஸ்மான் ஹாருன்' என்று பெயர் வைத்தது. அந்தக் கப்பலை எங்கள் துறைமுகங்களுக்குள் விடமாட்டோம் என்று சிங்கப்பூர் சொல்லிவிட்டது. அங்கே மாவீரர்கள், இங்கே அப்பாவிகளைக் கொன்றவர்கள்.

நிழல் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ராணுவத்தைக் கட்ட யாருமே உதவ முன்வராதபோது இஸ்ரேல் வந்தது. முஸ்லிம் அண்டை நாடுகள் கொதிக்கும் என்று பயந்து, வந்த ஆலோசகர்களை 'மெக்சிகோக்காரர்கள்' என்று சொல்லி வைத்தார்கள். அதே காலத்தில், தேசிய சேவையின் தொடக்க ஆண்டுகளில், மலாய் இளைஞர்கள் பெரும்பாலும் அழைக்கப்படவே இல்லை. போர் என்று வந்தால் அவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்ற சந்தேகம். வெளியே 'நாங்கள் எல்லோருக்குமான நாடு' என்று சொன்ன அதே அரசு, உள்ளே ஒரு சமூகத்தை அப்படிப் பார்த்தது. என் மலாய் நண்பர் ஒருவரின் அப்பா, கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் கடிதம் வந்தும் தனக்கு மட்டும் வரவில்லை என்பதை இன்றும் குரல் தாழ்த்தித்தான் சொல்கிறார்.

இனி பலம். பணபலம் வந்தது, நல்ல ராணுவம் வந்தது, ஆனாலும் சின்ன நாடு சின்ன நாடுதான். 2016இல் தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிய சிங்கப்பூர் ராணுவத்தின் 9 கவச வாகனங்களை ஹாங்காங்கில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். விட்டது 2017 ஜனவரியில். இப்படிப்பட்ட நாட்டுக்குச் சட்டம்தான் கேடயம். அதனால்தான் 1978 கடைசியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தபோது சிங்கப்பூர் ஐநாவில் விடாமல் எதிர்த்தது. 1983இல் அமெரிக்கா கிரெனடாவில் படை இறக்கியபோது, நெருங்கிய நட்பு நாடாக இருந்தும், அதைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபோது ஆசியான் நாடுகளிலேயே தடை விதித்தது சிங்கப்பூர் மட்டும். இந்தியா அப்போது ஐநா வாக்கெடுப்பில் எந்தப் பக்கமும் வாக்களிக்காமல் விலகி நின்றது. சிங்கப்பூர் ரொம்ப நல்ல நாடு, இந்தியா சரியில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. 140 கோடிப் பேர் கொண்ட நாட்டை நாளைக்கு யாரும் விழுங்கிவிட மாட்டார்கள். ஒரு சிறிய நாடு தன்னை உக்ரைனின் இடத்தில் வைத்துத்தான் பார்க்கும்.

மூன்றில் எது முதலாவது என்று கேட்டால் என் பதில் இது: பலம் எல்லையைக் கிழிக்கிறது. அடையாளம் அந்த எல்லைக்குள் பயத்தையும் ஆசையையும் நிரப்புகிறது. அந்தப் பயத்தை வைத்து என்ன செய்வது என்பது மட்டும்தான் தலைவர் கையில். அந்தச் சிறிய இடைவெளியை வீணாக்காத தலைமுறை ஒன்று இங்கே கிடைத்தது.

பலம் எப்படி எல்லை போடுகிறது என்பதை ஜொகூருக்குப் பேருந்தில் போகும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். உட்லண்ட்ஸ் பாலத்தின் ஓரமாகவே பெரிய தண்ணீர்க் குழாய்கள் ஓடுகின்றன. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றில் இருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ளலாம், ஆயிரம் கேலனுக்கு 3 மலேசிய சென். பிரிந்துபோன நாளிலேயே, சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை மலேசியாவுக்குப் பாதகமாக இருந்தால் ஜொகூர்த் தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டலாம் என மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் பிரிட்டிஷ் தூதரிடம் சொன்னதாக லீ எழுதியிருக்கிறார். வெளியுறவுக் கொள்கை என்ற சொல்லும் குடிதண்ணீர் என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் வந்தன. அதற்குப் பதிலாகத்தான் கழிவுநீரைச் சுத்திகரித்துப் புதுநீராக்கும் ஆலைகளும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளும் இங்கே கட்டப்பட்டன.

அந்த ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. தெக்கோங் திடலில் விறைத்து நின்ற என் மகனுக்கு அப்போது 55 வயதாகியிருக்கும்.