டோராடோரா: புத்தகமா, அனிமேவா? சில கேள்விகள், பதில்கள்

டோராடோரா ஒரு ஜப்பானிய லைட் நாவல் (இளையோருக்கான சிறு நாவல்) தொடர், பிறகு அனிமேவாக, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடராகவும் வந்தது. அதைப் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். முடிவு உட்பட எல்லாமே இதில் வரும். பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள், 25 எபிசோடுதான்.

கதை நினைவில்லாதவர்களுக்குச் சுருக்கமாக: ரியூஜிக்கு ரவுடி முகம், ஆனால் வீடு துடைப்பதிலும் சமைப்பதிலும் வெறி. டைகா உருவத்தில் குட்டி, கோபத்தில் புலி. அவனுக்கு டைகாவின் தோழி மினோரி மேல் காதல், அவளுக்கு ரியூஜியின் நண்பன் கிதமுரா மேல் காதல். ஒருவருக்கொருவர் உதவுவதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். ஒப்பந்தம் எங்கே போய் முடியும் என்பது நமக்கு முதல் நாளே தெரியும், அவர்களுக்குத்தான் தெரியாது.

கேள்வி: அனிமே முழுக்கப் பார்த்துவிட்டேன் அண்ணா. கதை தெரிந்த பிறகு பத்துப் புத்தகம் படிப்பதில் என்ன இருக்கிறது?

சம்பவங்களுக்காக என்றால் படிக்க வேண்டாம். அனிமே மூலத்தைப் பெரும்பாலும் ஒழுங்காகவே பின்பற்றுகிறது. மாறுவது நாம் நிற்கும் இடம்.

தகேமியா யுயுகோ இதைப் படர்க்கையில்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் கதைசொல்லி பெரும்பாலும் ரியூஜியின் தோளில் உட்கார்ந்துகொண்டு, அவனையே கிண்டலடித்தபடி கதை சொல்வார். அதனால் ரியூஜி எதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறானோ, அதை நாமும் கொஞ்ச நேரம் தப்பாகவே புரிந்துகொள்கிறோம். மினோரி சிரித்தால் அவள் சந்தோஷமாக இருப்பதாக அவன் நம்புகிறான், கூடவே நாமும் நம்புகிறோம். அனிமேவில் அப்படி நம்ப முடியாது. அவன் திரும்பிய அடுத்த நொடி கேமரா மினோரியின் முகத்துக்குப் போய்விடும். அனிமே பார்க்கும்போது நமக்கு ரியூஜியைவிட அதிகம் தெரிகிறது. புத்தகத்தில் அவனோடு சேர்ந்து நாமும் ஏமாறுகிறோம். கதை தெரிந்த பிறகும் அந்த ஏமாற்றம் வேலை செய்கிறதா என்று படித்துப் பாருங்கள். எனக்குச் செய்தது.

கேள்வி: 10 புத்தகத்தை 25 எபிசோடில் அடைத்தால் நிறைய வெட்டியிருப்பார்களே?

சராசரியாகப் பார்த்தால் ஒரு தொகுதிக்கு இரண்டரை எபிசோடு. லைட் நாவல் உலகத்தில் இது தாராளமான பங்கீடு. இந்தப் புத்தகங்கள் சட்டைப்பைக்குள் போகும் அளவு, இடையிடையே படங்கள் வேறு (இதற்கு வரைந்தவர் யாசு). ஒரு தொகுதி நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடும்.

ஆனால் பங்கீடு சமமாக இல்லை. கலாசார விழா, மாணவர் தலைவி சுமிரேயுடன் டைகா மோதுவது, கிறிஸ்துமஸ் என்று நடுவில் உள்ள தொகுதிகள் நிதானமாக வருகின்றன. ஒன்பதாவதும் பத்தாவதும் ஓட்டமாக ஓடுகின்றன. முதன்மைக் கதைக்கு வெளியே மூன்று கிளைக்கதைத் தொகுதிகளும் உண்டு. முதலாவது, தொட்டதெல்லாம் துரதிர்ஷ்டமாகும் கோத்தா என்ற பையனுக்கும் சுமிரேயின் தங்கை சகுராவுக்கும் உரியது. டிவி தொடரில் அந்தக் காதலுக்கு இடமே இல்லை. நல்ல வேளை என்றுதான் சொல்வேன். தனியாகப் படிக்கச் சிரிப்பாக இருக்கும், நடுவில் சொருகியிருந்தால் டைகாவின் கதை தளர்ந்திருக்கும்.

கேள்வி: அமி என்ன பேசுகிறாள் என்றே அனிமேவில் புரியவில்லை. எப்போதும் புதிர் போட்டுவிட்டுப் போகிறாள். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறாளா அக்கா?

(அக்கா இல்லை தம்பி, அண்ணன். பரவாயில்லை.)

அதிகம் வரும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. அமி மாடலிங் செய்பவள். வெளியே தேன் பேச்சு, உள்ளே விஷ நாக்கு. அவள் கதைக்குள் நுழையும்போதே தன்னைத் தொடர்ந்து வரும் ஒருவனுக்குப் பயந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். ரியூஜி அவளது இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டுச் சாதாரணமாகப் பழகுகிறான். அங்கே தொடங்குகிறது அவளது சிக்கல்.

அவள்தான் மற்ற எல்லோருக்கும் முன்பாக நிலைமையைப் புரிந்துகொள்பவள். டைகாவுக்கு அப்பா வேஷம் போடுவதை நிறுத்து என்று கிறிஸ்துமஸ் சமயத்தில் ரியூஜியை எச்சரிப்பதும் அவள்தான். புத்தகத்தில் அவளுக்கும் ரியூஜிக்கும் நடக்கும் பேச்சுகள் நீளமானவை. கிண்டல் செய்வாள், சீண்டுவாள், நடுவில் ஒரே ஒரு வாக்கியம் உண்மையாகச் சொல்வாள், உடனே அதைச் சிரித்து மூடிவிடுவாள். ரியூஜி அந்த வாக்கியத்தைத் தவறவிடுவான். நாம் பக்கத்தைப் பின்னால் புரட்டித் தேடலாம்.

அனிமே நேரத்துக்காகக் கிண்டலைக் குறைத்து, அந்த உண்மையான வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டது. முன்பின் இல்லாமல் கேட்கும்போது அது புதிராகத் தோன்றுகிறது. பானம் விற்கும் எந்திரங்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் அவள் போய் உட்காரும் காட்சிகளை மறுபடி பாருங்கள், படம் சொல்வது வசனத்தைவிடத் தெளிவு. ஆனாலும் அமி ரசிகர்கள் புத்தகம் படித்தே ஆக வேண்டும். இந்தத் தழுவலில் நஷ்டப்பட்ட பாத்திரம் யார் என்று கேட்டால் நான் அவளைத்தான் காட்டுவேன்.

கேள்வி: அனிமே மூலத்தைத் தோற்கடித்த இடம் ஏதாவது?

19ஆம் எபிசோடு. கிறிஸ்துமஸ் இரவு. கரடி வேஷத்தில் சாண்டாவாக வரும் ரியூஜியை டைகா தானே மினோரியிடம் அனுப்பி வைக்கிறாள். வீடு காலியான பிறகுதான் தன் மனசு அவளுக்கே தெரிகிறது, வெறுங்காலோடு தெருவுக்கு ஓடுகிறாள். கரடி வேஷம் புத்தகத்திலும் உண்டு. ஆனால் ஓர் அழுகையை எழுத்து விவரிக்கத்தான் முடியும். டைகாவுக்குக் குரல் கொடுத்த குகிமியா ரியே அவன் பெயரைச் சொல்லி அழும் அந்தக் குரலை எத்தனை பக்கம் எழுதினாலும் கொண்டுவர முடியாது. அதை மினோரி நின்று பார்க்கிறாள் என்பதையும் அனிமே ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறது.

கேள்வி: அப்படியானால் புத்தகம் முந்தும் இடம்?

பனிச்சறுக்குப் பயணத்துக்குப் பிறகு. சரிவில் விழுந்து அரை மயக்கத்தில் கிடக்கும் டைகா, தன்னைத் தூக்குபவன் கிதமுரா என்று நினைத்து, ரியூஜியைத்தான் விரும்புவதாக ரியூஜியிடமே சொல்லிவிடுகிறாள். காப்பாற்றியது கிதமுராதான் என்று சொல்லி அவன் உண்மையை மறைக்கிறான்.

இதுவரை எதுவுமே தெரியாமல் இருந்தவனுக்கு இப்போது எல்லாம் தெரியும், தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த நிலை முழுக்க முழுக்க அவன் தலைக்குள் நடப்பது. அவளோடு ஒரே மேசையில் சாப்பிட வேண்டும், எப்போதும்போலத் திட்டு வாங்க வேண்டும். இதற்கு ஒன்பதாம் தொகுதி நேரம் எடுத்துக்கொள்கிறது. ரியூஜி தன் அம்மா யசுகோவிடம் வெடிப்பதும் அங்கே திடீரென்று வருவதில்லை, புழுங்கிப் புழுங்கி வருகிறது. அனிமேவுக்கு முகம்தான் ஆயுதம், ரியூஜி முகத்தை இறுக்கிக்கொண்டு திரியும் கட்டத்தில் அந்த ஆயுதம் மழுங்குகிறது.

கேள்வி: முடிவை ஏன் மாற்றினார்கள்? ஒரு வருடம் பிரித்து வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டிலும் டைகா தன் அம்மாவிடம் போகிறாள். ஓடிப்போய்ச் சேர்வது தீர்வல்ல, வீட்டைச் சரிசெய்துவிட்டு வருகிறேன் என்பதுதான் இரண்டிலும் காரணம். புத்தகத்தில் பிரிவு குறுகியது, பள்ளியின் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போதே திரும்பிவிடுகிறாள். அனிமே அதைப் பட்டமளிப்பு நாள் வரை இழுக்கிறது. ரியூஜி வகுப்பறை அலமாரியைத் திறந்தால் உள்ளே அவள். அவன் காதலைச் சொன்னதும் தாடையில் ஒரு முட்டு.

நாட்களைப் பாருங்கள். பத்தாம் தொகுதி வெளியானது 2009 மார்ச் 10. கடைசி எபிசோடு ஒளிபரப்பானது மார்ச் 26. ஒரு எபிசோடின் திரைக்கதையைப் பல மாதங்களுக்கு முன்பே எழுதியாக வேண்டும். அதாவது முடிவுப் புத்தகம் கடைக்கு வருவதற்கு முன்பே அனிமேவின் முடிவு உறுதியாகியிருக்கும். இரண்டும் ஒரே திசையில் போய்க் கடைசி அடியில் மட்டும் பிரிவதில் ஆச்சரியமில்லை.

அப்புறம், அந்த அலமாரி சும்மா வந்ததல்ல. முதல் எபிசோடில் கிதமுராவுக்கான காதல் கடிதத்தைத் தவறிப்போய் ரியூஜியின் பையில் போட்டுவிட்டு டைகா ஒளிந்ததும் வகுப்பறை அலமாரியில்தான். படமாக அது அழகாக மூடுகிறது, கதையாகப் பார்த்தால் எனக்குக் குறை உண்டு. ஒரு வருடத்தைச் சில நிமிடத்தில் தாண்டும்போது, அவள் அம்மா வீட்டில் என்ன சரிசெய்தாள் என்பதை நாம் நம்பிக்கையின் பேரில்தான் ஏற்க வேண்டியிருக்கிறது. புத்தகத்தில் பிரிவு சிறியது என்பதால் அந்தக் கடனும் சிறியது. என் ஓட்டு புத்தகத்துக்கு. ஆறவில்லை என்றால் பத்தாம் தொகுதியை மட்டுமாவது வாங்குங்கள்.

கேள்வி: டைகா அவனை அடித்துக்கொண்டே இருப்பது இன்றைக்குப் பார்க்க எரிச்சலாக இல்லையா?

தொடக்கத்தில் இருக்கிறது. மரவாளோடு நள்ளிரவில் அவன் வீட்டுக்குள் புகுந்து தாக்குகிறாள், பிறகு பசியில் சுருண்டு விழுகிறாள், அடி வாங்கியவன் அவளுக்கு ஃபிரைடு ரைஸ் செய்து தருகிறான். அந்தக் காலத்து நகைச்சுவை. எழுத்தில் அடி என்பது ஒரு வரி, கிண்டலோடு கடந்துவிடும். திரையில் உதை விழுவதைப் பார்க்க வேண்டியிருப்பதால் அனிமேவில்தான் அதிகம் உறுத்தும். கதை முற்ற முற்றக் குறைகிறது.

கேள்வி: மாங்கா?

இதே கதையின் காமிக்ஸ் வடிவம், ஸெக்கியோ வரைந்தது. 2007இல் தொடங்கி, நாவல் முடிந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் ஓடிக்கொண்டிருந்தது. பொறுமைசாலிகளுக்கு.

கேள்வி: அனிமேவின் இயக்குநரும் திரைக்கதையாளரும் பிறகு வேறு என்ன செய்தார்கள்?

இயக்கியவர் நாகாய் தத்சுயுகி, திரைக்கதை ஒருங்கிணைப்பு ஒகடா மாரி, பாத்திர வடிவமைப்பு தனகா மசயோஷி, ஸ்டுடியோ ஜே.சி.ஸ்டாஃப். இதே மூவர்தான் 2011இல் அனோஹானா என்ற அனிமேவில் மறுபடி சேர்ந்தார்கள். அது சொந்தக் கதை, மூலப் புத்தகம் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பேசாத முகங்களில் இவர்களுக்கு இருக்கும் பிடிப்பு தெரியும்.

கேள்வி: ஓரெகைரு ரசிகன் நான். அங்கே முதல் சீசன் ஏன் இவ்வளவு அவசரம்?

ஓரெகைருவும் லைட் நாவலிலிருந்து வந்த அனிமேதான், ஆனால் அது நேர் எதிர் வழக்கு. அங்கே நாயகன் ஹச்சிமன் தன்மையில் பேசுகிறான், புத்தகமே அவன் புலம்பல்தான். முதல் சீசனில் ஆறு தொகுதிகளை 13 எபிசோடில் ஓட்டினார்கள். டோராடோராவில் கிண்டலடிக்கும் கதைசொல்லியை எடுத்துவிட்டாலும் காட்சி நிற்கும். ஹச்சிமனின் புலம்பலை எடுத்தால் ஒரு பையன் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டுமே மிஞ்சும். இரண்டாம் சீசனில் ஸ்டுடியோ மாறியது, வேகமும் தணிந்தது. 2020இல் வந்த மூன்றாவதில் மூன்றே தொகுதிக்கு 12 எபிசோடு கொடுத்தார்கள், அங்கேதான் மூச்சு விட முடிந்தது. உங்களுக்கு என் பரிந்துரை வேறு: முதல் ஆறு தொகுதியைப் புத்தகமாகப் படித்துவிட்டு நேராக இரண்டாம் சீசனுக்குப் போங்கள்.

கேள்வி: ஜப்பானியம் தெரியாது. டோராடோரா எதில் படிக்கலாம், எந்தத் தொகுதியில் தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் செவன் சீஸ் பதிப்பகம் 2018 முதல் வெளியிட்டது, பத்துத் தொகுதியும் வந்துவிட்டன. அனிமே பார்த்தவர் என்றால் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. ஏழாம் தொகுதியை எடுங்கள், 19ஆம் எபிசோடு மனசில் இருக்கும்போதே. பிடித்தால் பத்து வரை போய்விட்டு, அமிக்காக இரண்டாவதற்குத் திரும்புங்கள். ஏழு பிடிக்கவில்லை என்றால் மற்றதும் பிடிக்காது, காசு மிச்சம்.