பதில்: கதையில் வரும் 'ஹரம்ஃப்' செருமலா, கோபமா?

தங்கச்சி, கல்லடிப் பாடசாலை நாடகத்துக்காக மொழிபெயர்க்கும் ஆங்கிலக் கதையில் கிழவர் 'ஹரம்ஃப்' (harrumph) செய்கிறார், 'தொண்டையைச் செருமினார்' என்று போட்டால் சப்பென்று இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். இருக்கத்தான் செய்யும். மற்றவர் கவனத்தை இழுக்கச் செருமுவதற்கு ஆங்கிலத்தில் 'அஹெம்' என்று வேறு சொல் உண்டு. ஹரம்ஃப் என்பது, எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் உன்னோடு வாதாட இறங்கி வரவும் மாட்டேன் என்கிற பெரியமனிதத் தோரணை. நம் ஊர்க் கோயில் கூட்டத்தில் இளந்தாரி ஒருவன் எழும்பிக் கணக்குக் கேட்டால், பதில் சொல்லுமுன் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் எழுப்புவாரே, அந்தச் சத்தம்! ஒலியை வைத்தே உண்டான சொல். அழுத்தம் 'ரம்'மில் விழும்.

நாடகம்தானே, 'அதிருப்தியோடு செருமுகிறார்' என்று குறிப்பெழுதிவிட்டு மீதியை நடிப்பவரிடம் விடுங்கள். கதையாக எழுதுவதென்றால், '"விசர்க்கதை!" என்று செருமினார்' போதும், கோபத்தை வசனமே சுமக்கும். 'ம்க்கும்' வேண்டாம், அது நொடிப்பாகிவிடும். 'உறுமினார்' கூடிப்போகும். பிறகு, பத்திரிகைக் கட்டுரையில் விமர்சகர்கள் 'ஹரம்ஃப்' செய்ததாகக் கண்டால் தொண்டையைத் தேடாதீர்கள். அங்கே மிடுக்காக முணுமுணுத்தார்கள் என்றுதான் பொருள்.