பனியின் மேல் விதைப்பது ஏன்?

கேள்வி: அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், தீயில் எரிந்துபோன மேய்ச்சல் நிலங்களில் சேஜ்பிரஷ் என்னும் புதர்ச்செடியின் விதைகளைக் குளிர்காலத்தில் விமானத்திலிருந்து தூவுவதாகப் படித்தேன். விதை முளைக்க வெதுவெதுப்பு வேண்டாமா?
– தாவரவியல் மாணவி, கோவை

பதில்: வேண்டும், ஆனால் அந்த வெப்பம் மண்ணில் ஈரம் இருக்கும்போதே கிடைக்க வேண்டும். நெவாடா, யூட்டா, ஐடஹோ மாநிலங்களில் விரிந்துகிடக்கும் கிரேட் பேசின் வறள்நிலத்தில் கோடை மழை மிகக் குறைவு. பனி உருகி மண்ணில் இறங்கும் நீர்தான் ஆண்டின் முதன்மையான ஈரம். நம் மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்த சேஜ்பிரஷ், இலையுதிர்காலத்தின் இறுதியில் விதை முற்றி உதிர்ந்து, குளிர்காலம் முழுதும் பனிக்கடியில் கிடந்து, பனி கரையும் தறுவாயில் முளைத்து, கோடை மண்ணை உலர்த்துமுன் வேரை ஆழ இறக்கிவிட வேண்டும். ஆய்வகத்தில் 15 முதல் 20 டிகிரி செல்சியசில் அது விரைந்து முளைப்பது உண்மையே. ஆயினும் அந்த வெப்பத்துக்காகக் காத்திருக்கும் விதைக்கு நிலத்தில் நீர் மிஞ்சாது.

உறைநிலையை ஒட்டிய 1 டிகிரியிலும் இவ்விதை மெல்ல முளைக்கும். கடுங்குளிர்ப் பகுதிகளில் திரட்டிய விதைகள் அந்நிலையில் மாதக்கணக்கில் தாமதிக்க, குளிர் மிதமான இடங்களின் விதைகள் அதைவிட வேகமாக முளைத்துவிடுகின்றன. நெடும்பனி உள்ள இடத்தில் அவசரப்பட்டு முளைத்த நாற்று உறைபனியில் மடியும் என்பதால், விதையை எங்கே திரட்டினார்கள் என்பது அதை எப்படித் தூவினார்கள் என்பதைவிட முக்கியமானது என்பேன். ஒரு கிலோவில் 40 லட்சத்துக்கும் குறையாத அளவுக்கு நுண்ணிய விதை இது. ஆழத்தில் புதைந்தால் மேலே வராது. எரிந்த செடி அடிக்கட்டையிலிருந்து துளிர்ப்பதும் இல்லை, மண்ணில் விதை நெடுங்காலம் உயிரோடிருப்பதும் இல்லை. தீக்குப்பின் தூவ நேர்வது இதனால்தான்.

கேள்வி: வேல மர விதையை வெந்நீரில் ஊறவைத்து விதைக்கிறோமே, அது அந்தப் புதர்களுக்கும் பொருந்துமா?
– விவசாயி, காங்கயம்

பதில்: சேஜ்பிரஷ் விதைக்குக் கடினமான தோல் கிடையாது, வெந்நீர் அதைக் கொன்றுவிடும். அதே நிலங்களில் வளரும் பிட்டர்பிரஷ் விதையின் உறக்கம் கலைய, 2 முதல் 5 டிகிரியில் ஈரத்தோடு சில வாரங்கள் கிடக்க வேண்டும். மலைச்சரிவுகளில் வளரும் சியனோதஸ் புதர்களில் சிலவற்றுக்கு மட்டும் உங்கள் முறை பாதி பொருந்தும்: நீர் புகாத விதைத்தோலை இயற்கையில் காட்டுத்தீயின் சூடு திறக்கிறது, நாற்றங்காலில் வெந்நீர் திறக்கிறது. அதன்பின் அவ்விதைகளையும் இரண்டு மூன்று மாதங்கள் ஈரக்குளிரில் வைத்தால்தான் முளைக்கும்.