கெல்ப் காடுகளும் அச்சுறுத்தல் மாதிரிகளும்: கேள்வி பதில்

(கெல்ப் என்பது காடுபோல் அடர்ந்து வளரும் பெரிய பழுப்புக் கடற்பாசி. வட கலிபோர்னியக் கடலோரக் கெல்ப் காடுகளைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்குக் கடல் சூழலியலாளர் ஒருவர் அளித்த பதில்கள்.)

கேள்வி: அங்கே கெல்ப் காடுகள் அழிந்ததற்குக் கடல் வெப்பம்தான் காரணமா, ஐயா?

பதில்: வெப்பம் மட்டுமே காரணமன்று. 2013இல் நட்சத்திர மீன்களை உருக்குலைக்கும் நோய் பரவி, கெல்ப்பை அரித்துத் தின்னும் கடல் முள்ளெலிகள் என்னும் முட்கள் நிறைந்த சிறு உயிரினங்களைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த சூரியகாந்தி நட்சத்திர மீனை அக்கடலிலிருந்து ஏறத்தாழ முற்றாகத் துடைத்தழித்தது. அதைத் தொடர்ந்து 2014 முதல் 2016 வரை கடல் வெப்ப அலை நீடித்தது. ஊதா நிறக் கடல் முள்ளெலிகள் பெருகின. சுமார் 350 கிலோமீட்டர் கடலோரத்தில் நெரியோசிஸ்டிஸ் என்னும் கெல்ப் இனத்தின் பரப்பு தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியது. கெல்ப்பை உண்டு வாழும் அபலோன் என்னும் கடல் நத்தைகள் பட்டினியால் மடிந்ததால், 2018இல் அவற்றைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது.

கேள்வி: ஒவ்வோர் அச்சுறுத்தலுக்கும் மதிப்பெண் கொடுத்துக் கூட்டினால் ஆபத்து வரைபடம் கிடைத்துவிடாதா?

பதில்: கிடைக்கும், ஆனால் அது இந்த அழிவை முன்கூட்டிக் காட்டியிருக்காது என்றே கருதுகிறேன். வெப்பமான நீரில் நைட்ரேட் என்னும் ஊட்டச்சத்து குறைவதால் கெல்ப்பின் வளர்ச்சி தளர்கிறது. உதிர்ந்து மிதந்துவரும் இலைகளைப் பாறை இடுக்கில் இருந்தபடியே உண்டுவந்த முள்ளெலிகள், அவ்வுணவு அற்றுப்போனதும் வெளியேறி, நின்றிருக்கும் கெல்ப்பையே அரிக்கத் தொடங்குகின்றன. வேட்டையாடும் உயிரினமும் இல்லாதபோது அவற்றைத் தடுக்க எதுவுமில்லை. இங்கு ஓர் அச்சுறுத்தல் மற்றொன்றைப் பன்மடங்காக்குகிறது. அதனினும் முக்கியமானது, பட்டினி கிடந்தும் முள்ளெலிகள் பல ஆண்டுகள் உயிர்வாழும் என்பதாகும். ஆகவே காடு அழியத் தொடங்கிய நிலைக்கு அவற்றின் எண்ணிக்கையைக் குறைத்தால் போதாது. அதற்கும் வெகு கீழே கொண்டுசென்றால்தான் கெல்ப் மீளும். ஓரிடம் இன்று காடாக உள்ளதா, மொட்டைப் பாறையாக உள்ளதா என்பதை உள்ளீடாகக் கொள்ளாத அச்சுறுத்தல் மாதிரியை, அதாவது ஆபத்தைக் கணிக்கும் கணக்கு முறையை, நான் நம்புவதில்லை.

கேள்வி: தரவுகள் எங்கிருந்து வருகின்றன?

பதில்: லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1984 முதல் முப்பது மீட்டர் நுணுக்கத்தில் எடுத்த படங்களே முதன்மையானவை. அவை மிதக்கும் மேற்பரப்பை மட்டுமே காண்பதால், முளைக்கும் செடிகளையும் முள்ளெலிகளையும் முக்குளிப்போர்தான் எண்ண வேண்டியிருக்கிறது.

கேள்வி: கடல் நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டால் தீர்வு கிடைக்குமா?

பதில்: ஓரளவுக்கு மட்டுமே. மத்திய கலிபோர்னியாவின் மாண்டரே பகுதியில் அவை எஞ்சிய காடுகளிலிருந்த கொழுத்த முள்ளெலிகளைத் தின்று அக்காடுகளைக் காத்தன. மொட்டைப் பாறைகளில் மெலிந்து கிடந்தவற்றை நாடவில்லை.

கேள்வி: நிதி குறைவாக இருக்கும்போது எங்கே தொடங்குவது?

பதில்: ஆபத்து வரைபடத்தில் மிகச் சிவந்த இடத்துக்கு முதலில் ஓடுவது இயல்பு; நான் அதை ஏற்பதில்லை. நெரியோசிஸ்டிஸ் ஓராண்டே வாழும் பாசி. அதன் வித்திகளில் பெரும்பாலானவை தாய்ச்செடிக்கு அருகிலேயே படிகின்றன. எனவே எஞ்சிய திட்டுகளைக் காத்து, அவற்றை ஒட்டிய பாறைகளில் முள்ளெலிகளை அகற்றி, அங்கிருந்து விரிவாக்குவதே பயன் தரும். ஒவ்வோர் ஆண்டின் கணக்கெடுப்பு முடிந்ததும் மாதிரியைத் திருத்தி, அடுத்த ஆண்டுக்கான இடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.