முதல் முறை கேமரா முன்னால்

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

சுங்கை சிப்புட் டவுனில், கடைவீட்டு மாடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தீபாவளிக்குப் புடவைக்கடை ஒன்றுக்குப் படம் எடுக்கும் வேலை கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெண், 20 வயது, அம்மாவோடு வந்தார். மாடலாக நிற்பது இதுவே முதல் முறை. இரண்டு மணி நேரத்தில் 300 படம் எடுத்தேன். பாதியில் கண் மூடியிருக்கிறது, மீதியில் தோள் விறைத்திருக்கிறது. 'ரிலாக்ஸ், சிரிங்க' என்று சொல்லச் சொல்ல மோசமானது. 35 எம்.எம். லென்ஸ்தான் காரணமா? வேறு பெண்ணைப் பார்க்கச் சொல்கிறார் கடைக்காரர்.

க., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள தம்பி,

பெண்ணை மாற்ற வேண்டாம். 12 வயதில் ஐசி (அடையாள அட்டை) எடுக்கப் போனபோது, ஆடாமல் அசையாமல் நேராகப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள். கேமரா என்றால் அவர் உடம்புக்குத் தெரிந்தது அதுதான். உங்கள் முன்னாலும் அப்படியே நின்றிருக்கிறார்.

முதலில் கண். ஸ்டூடியோ ஃபிளாஷ் கண் இமைப்பதற்குள் அடித்து முடிந்துவிடும். அதனால் முதல் படத்தில் கண் திறந்தே இருக்கும். அடுத்த அடியை எதிர்பார்த்துத்தான் மூடுகிறார். வந்தவுடன் ஃபிளாஷை அடிக்க வைக்கும் ட்ரிக்கரை அவர் கையிலேயே கொடுத்து, பத்து தடவை அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஃபிளாஷின் அளவைக் கேமராவே முடிவு செய்யும் டிடிஎல்லில் வைத்திருந்தால், நீங்களே அளவு வைக்கும் மேனுவலுக்கு மாற்றுங்கள். டிடிஎல்லில் முன்னால் வரும் சின்ன வெளிச்சத்துக்கே சிலர் இமைத்துவிடுவார்கள்.

லென்ஸும் ஒரு காரணம்தான். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 35-ஐப் போட்டு இடுப்பளவுப் படம் எடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் நிற்பீர்கள். அறிமுகமில்லாத ஆண் அவ்வளவு கிட்டத்தில் நின்றால் எந்தப் பெண்ணுக்குத் தோள் இறங்கும்? 85 எம்.எம். லென்ஸ் போட்டால் இரண்டரை மீட்டர் தள்ளிப் போகலாம். கடைவீடு நீளமானது, முழு உருவத்துக்கும் இடம் போதும்.

ஆனால் பெரிய காரணம், கேமராத் திரையைப் பார்க்கும்போது நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்தது என்று நினைக்கிறேன். நானும் அதைச் செய்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பிறகு கேமராத் திரையைப் பார்த்து நெற்றியைச் சுருக்குவேன். நான் பார்த்தது வெளிச்சத்தை. எதிரில் நின்ற பெண்ணோ தன் முகத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு கடைசியில் அழுதுவிட்டார். இன்றுவரை அது உறுத்துகிறது. அதற்கப்புறம், திரையைப் பார்க்கும்போதெல்லாம் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்: "லைட் கொஞ்சம் அதிகம்மா, நீங்க நல்லா நிக்கிறீங்க, ஒரு நிமிஷம்."

'ரிலாக்ஸ்' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். உடம்புக்கு அது ஒரு வேலையும் தருவதில்லை. மூச்சை முழுதாக வெளியே விடச் சொன்னால் தோள் தானாக இறங்கும். கைக்கும் வேலை வேண்டும். முந்தானை மடிப்பைக் கலைத்து மறுபடி அடுக்கச் சொல்லுங்கள். விரல்களுக்குப் பழகிய வேலை. நாலாவது மடிப்பு வரும்போது உதட்டைக் கடித்துக்கொண்டு அதிலேயே மூழ்கியிருப்பார். அப்போது மெதுவாகக் கூப்பிடுங்கள். நிமிர்ந்து பார்ப்பார் பாருங்கள், அந்தப் படம்தான் உங்களுக்கு வேண்டியது.

சரி, அம்மா? பின்னால் உட்கார்ந்து "சிரிம்மா, சிரி" என்று சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். அவரை வெளியே அனுப்பாதீர்கள், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் ரிஃப்ளெக்டரைப் பிடிக்கக் கொடுங்கள். கொசுவத்தைச் சரிசெய்வதும் அவர் வேலையாகவே இருக்கட்டும். உங்கள் கை புடவையில் படவே வேண்டாம்.

கடைக்காரரிடம் இன்னொரு நாள் கேளுங்கள். அவர் என்ன சொன்னாலும், முதல் நாள் சம்பளத்தை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துவிட்டு அடுத்த நாளைப் பற்றிப் பேசுங்கள்.

அன்புடன்,
அண்ணன்